பெயர் சொல்லி வேண்டிய ஜெபம்

ஆய்வுத் தாளில் பதினொரு மணிக் கட்டத்தில் நான் எழுதிய ஐந்து எண்களும் இன்னும் எனக்கு மனப்பாடம். அளக்காமலே எழுதியவை அவை. ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது நான் தரப் பரிசோதகர். மணிக்கு ஒரு தடவை மெஷினிலிருந்து ஐந்து பீஸ் எடுத்து, துளையின் அளவு பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். அன்று பதினொரு மணிக்கு நான் மெஷின் பக்கமே போகவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அழுத ஒரு பெண்ணின் தலையில் கைவைத்து ஓய்வறையில் ஜெபித்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. பத்து மணி எண்களையே கொஞ்சம் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆண்டவருடைய வேலையாகத்தானே போனோம் என்று நினைத்தேன். மனம் உறுத்தவே இல்லை.

உறுத்தாததற்குக் காரணம் இருந்தது. கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்த நாள் முதல் வெள்ளிதோறும் உபவாசம். காலையில் பஸ் நெடுஞ்சாலை ஏறியதும் பின் இருக்கைகளில் ஏழெட்டுப் பெண்கள் கண்மூடுவார்கள், நான் ஜெபம் நடத்துவேன். அருவி மாதிரி வார்த்தைகள் கொட்டும். முடிந்ததும் யாராவது, “இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு சிஸ்டர்” என்பார்கள். எல்லாம் கர்த்தருக்கே என்று சொல்லிவிட்டு, அந்தப் பாராட்டைச் சாயங்காலம் வரை மனசுக்குள் வைத்திருப்பேன்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். நான் பரிசோதிக்கும் மெஷினை ஓட்டுபவர். ஒப்பந்தத் தொழிலாளி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவர். வீட்டில் கன்னடம். கிறிஸ்துவை அறிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருடைய முறை வந்தால், “சாமி, என் மேல கொஞ்சம் இரக்கம் வையி” என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார். சாமி என்று சொல்லக்கூடாது, ஆண்டவரே என்று சொல்லுங்கள் என்று இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை அவர் தலை நிறையப் பூவும் நெற்றியில் குங்குமமுமாக பஸ் ஏறினார். ஊரில் மாரியம்மன் பண்டிகை, வயதான அம்மா தன் கையால் வைத்துவிட்டதாகச் சொன்னார். கண்ணை மூடி, அவர் பெயரைச் சொல்லி, பழைய வழியை இன்னும் விடாத இந்தச் சகோதரியின் கண்களைத் திறந்தருளும் என்று உரக்க ஜெபித்தேன். சுற்றியிருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். அதற்குப்பின் அக்கா முன் இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

நான் பொய் எண் எழுதியது அடுத்த வாரம். அந்த ஒரு மணி நேரத்தில் மெஷினின் வெட்டுமுனை தேய்ந்து, துளைகளின் அளவு தப்பியிருக்கிறது. வாங்கிய கம்பெனியிலிருந்து சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. பதினொரு மணிக்கு அளவு சரியாக இருந்தது என்று என் தாள் சொன்னது. அப்படியானால் முன்பே பழுதென்று ஒதுக்கிய பீஸ்களை அக்காதான் நல்ல பெட்டியில் கலந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நான் இல்லை, நான் கலக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நாலடி தூரத்தில் நின்றேன். சிஸ்டர் எழுதினால் தப்பிருக்காது என்றார் மேலாளர். நான் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனேன்.

மூன்று நாள் காலையில் வழக்கம்போல ஜெபம் நடத்தினேன். வார்த்தைகள் எப்போதும்போலக் கொட்டின. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உள்ளே இவ்வளவு அழுகியிருந்தும் வாய் தடுமாறவில்லையென்றால், இத்தனை வருஷமும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? நான்காம் நாள் மேலாளர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பரிசோதனை வேலையிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். அக்காவைத் திரும்பக் கூப்பிடும்படி ஒப்பந்தக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொன்னவள் அல்லவா நான் என்று ஓர் ஓரத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

யானைகள் புகுந்து மிதித்த கேழ்வரகுக் கொல்லையில், தேறுகிற கதிர்களை அக்கா பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பொறுக்கியபடியே சொல்லி முடித்தேன். அவர் நிமிரவில்லை.

“தாள் விஷயத்த வுடுங்க சிஸ்டர். பயத்துல யாருன்னாலும் எழுதிடுவாங்க. ஆனா அன்னிக்கி பஸ்ல அத்தினி பேர் முன்னால என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணீங்களே. அதுக்கப்பறம் நான் கண்ணு மூடுனாவே எல்லாரும் என்னையே பாக்கறாங்கன்னு தோணுது. என்னால சாமிகிட்ட பேச முடியல.”

ஒத்திகை பார்த்த ஒன்றுகூட உதவவில்லை. நான் பாவம் என்று நினைத்து வந்தது வேறு. அவரிடமிருந்து நான் பறித்தது வேறு. “என்னை மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

அவர் கதிர்களை மடியில் கட்டிக்கொண்டு, “எனக்கும் அவருதான், உங்களுக்கும் அவருதான். அவருகிட்ட கேளுங்க” என்றார். கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கப் பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. இரக்கம் என்ற ஒரு சொல் வந்தது, பிறகு அழுகை. அதைக் கேட்டார் என்றே நம்புகிறேன். கேட்கத் தகுதியாக என் கையில் எதுவும் மிச்சமில்லாத முதல் நாள் அது.

அக்கா சில மாதம் வேலைக்கு வந்தார். பிறகு ஊருக்குப் பக்கத்திலேயே ரோஜாத் தோட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கே ஒரு சிறிய சபைக்குப் போகிறார் என்று கேள்வி. பின் இருக்கைக்கு அவர் கடைசிவரை திரும்பவில்லை.

நான் இப்போதும் பேக்கிங்கில்தான். போன வருஷம் போதகர் நடந்ததைச் சபை மேடையில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இறங்கி வரும்போது எத்தனை பேர் அழுதார்கள் என்று என் கண் எண்ணியது. அதன் பிறகு மேடை ஏறவில்லை. ஏறாததையும் ஒரு பெருமையாக மனம் எடுத்து வைத்துக்கொள்கிறது. இதற்கு முடிவு உண்டா என்று தெரியவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தனக்காக ஜெபிக்க முடியுமா என்று கேட்டாள். பெயர் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சத்தமில்லாமல் அவளுக்காக வேண்டி முடித்தேன். எவ்வளவு மாறிவிட்டாய் பார் என்று உடனே உள்ளே ஒரு குரல் தட்டிக்கொடுத்தது. கண்ணைத் திறக்காமல் மறுபடியும் தொடங்கினேன், இந்தத் தடவை எனக்காக.