சிவப்பு எது, பச்சை எது

மழையில் ஜெரேனியம் நிற்காது. ஊட்டியில் பூத்தொட்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒற்றைப் பூ என்றால் ஒரு மழைக்கே இதழ் கொட்டிவிடும். அடுக்குப் பூ என்றால் தண்ணீரைக் குடித்துக் கனத்து, மூன்றாம் நாள் நடுவில் சாம்பல் பூசணம் பிடித்து, நனைந்த பஞ்சு மாதிரி தொங்கும். மழையைத் தாங்கி நிற்கிற அடுக்கு ஜெரேனியம் ஒன்றை நான் உண்டாக்கிக் காட்டுவேன் என்று எட்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்னது நான். வேலையில் பாதிக்கு மேல் பார்த்தது இன்னொருவர். அவருக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் நர்சரி ஊட்டியில் இருந்து சோலூர் போகிற ரோட்டோரம் இருக்கிறது. பாலித்தீன் கூரை போட்ட இரண்டு பாலிஹவுஸ், மண் கலக்க ஒரு ஷெட், ரோட்டைப் பார்த்து விற்பனைக்கு ஒரு பந்தல். எங்கள் குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கம். அப்பா மளிகைக் கடை போட இந்த மலைக்கு வந்தார். நான் பூச்செடிக்குப் போனேன். ஏன் போனேன் என்பதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வயதில் ரயில்வே வேலைக்கு எழுதித் தேறினேன். மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார்கள். பக்கம் முழுக்கப் புள்ளி. புள்ளிக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வந்து, எடை குறைவு என்று தள்ளிவிட்டார்கள் என்றேன். அம்மா ஒரு மாதம் எனக்கு முட்டை அவித்துப் போட்டாள். பூ வியாபாரம் செய்கிறவனின் கண்ணை எவனும் சந்தேகப்பட மாட்டான். அந்தப் புத்தியோடுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

நிறம் தெரியாதவன் எப்படிப் பூச்செடி வளர்க்கிறான் என்று கேட்டால், இடம் வைத்துத்தான். இந்த மேடையில் இது, அந்த மேடையில் அது. இதழ் எத்தனை, தண்டு எவ்வளவு தடிப்பு, இலையில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பேன். நிறம் வேண்டிய இடத்தில், "எப்படிங்க்கா இருக்குது?" என்று என்னிடம் வேலை பார்த்த அந்த அம்மாவைக் கேட்பேன். அவர் சொல்வதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்வேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சிறு பிள்ளையாக இருக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். முப்பது வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, முதுகு முடியாமல் என்னிடம் வேலைக்கு வந்தார். கொழுந்து கிள்ளிப் பழகிய அந்த நகம் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஜெரேனியம் மொட்டு விரிவதற்கு முன்பே அதைப் பிளந்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தன் மகரந்தத் தூளைத் தானே வாங்கிக்கொள்ளும். நான் இடுக்கி வைத்து அரை மணி நேரம் திணறுவதை அவர் வெறும் விரலால் முடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார். மூன்று நான்கு நாளில் நடுத்தண்டு ஐந்தாகப் பிரிந்து நட்சத்திரம் மாதிரி விரியும். அன்றைக்கே அப்பன் செடியின் தூளைத் தொட்டு வைத்து, காம்பில் உல்லன் நூல் கட்ட வேண்டும்.

அவருக்கு எழுதப் படிக்க வராது. அதனால்தான் நூல். சிவப்பு நூல் என்றால் அப்பன் பெங்களூரில் இருந்து வந்த வெளிர் ரோஸ் அடுக்கு. பச்சை நூல் என்றால் அப்பன் ஒரு குட்டைச் செடி, அரக்கு நிறத்தில் ஒற்றைப் பூ. தாய் இரண்டுக்கும் ஒன்றுதான். ஜூலை மழையில் பிக்கட்டியில் ஒரு வீட்டு வாசலில் இதழ் கொட்டாமல் நின்ற பழைய ஒற்றைப் பூச் செடி. அதைக் கண்டுபிடித்துத் தண்டு கேட்டு வாங்கி வந்ததும் அவர்தான். சிவப்பு நூல்கண்டு இடப்பக்க டப்பாவில், பச்சை வலப்பக்க டப்பாவில் இருக்கும். டப்பாவைப் பார்த்தே நான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பிப்ரவரியில் அவர் கூடலூரில் தங்கை மகள் சடங்குக்கு இரண்டு நாள் லீவு கேட்டுப் போனார். மறுநாளே தாய்ச் செடியெல்லாம் விரிந்துவிட்டன. பூ லீவு கேட்காது. உறைபனி விழுந்த காலை. விரல் மரத்துப்போயிருந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் இரண்டு கண்டையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பெரிய கண்டு பச்சை என்று ஞாபகம் வைத்து, நானே தூள் வைத்து நானே நூல் கட்டினேன். மனைவி பந்தலில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடுமே.

விதை முற்றியது. சிவப்பு நூல் கட்டிய காய்களை அவர் தனியாகப் பறித்துத் தந்தார். மேடையில் இடம் இல்லாததால் அந்த விதையை மட்டும் போட்டேன். பச்சை நூல் விதையைக் கவரில் வைத்து மூடினேன். செப்டம்பரில் நூறு தொட்டிக்கு மேல் பூத்தது. பாதியாவது அடுக்காக வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லாவற்றிலும் ஐந்தே இதழ். எட்டு வருஷ உழைப்பில் ஒரு செடிகூடத் தேறவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார்.

"எல்லாம் ஒத்தப் பூவால்ல வந்திருக்கு மொதலாளி. நெறமும் அரக்கா கெடக்கு. இது அந்தக் குட்டச் செடியோட புள்ளைங்க."

"அதெப்படி வரும்? செவப்பு நூல் கட்டுன காயிலதான வெதை எடுத்தீங்க?"

"ஆமா. செவப்புலதான் எடுத்தேன்."

"அப்ப நல்ல வெதை எங்க போச்சு?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. இங்கே நர்சரி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. விரல் நீளத் தண்டு ஒன்று சேலை மடிப்பில் போனால் போதும், அடுத்த வருஷம் நம் செடி பக்கத்து நர்சரியில் விற்கும். அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் என்ன கெட்டாலும் முதலில் திருட்டு என்றுதான் எங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தோன்றியதும் நம்பிவிட்டேன்.

"யாருக்குக் குடுத்தே? சொல்லு."

எட்டு வருஷம் அக்கா என்றும் வாங்க போங்க என்றும் பேசிய வாய் இது. மண் கலக்கும் ஆட்கள் இரண்டு பேர் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பந்தலில் கோயம்புத்தூர்க்காரர்கள் மூன்று பேர் செடி வாங்க நின்றார்கள். மனைவி, "ஏனுங்க, உள்ள வந்து பேசுங்க" என்று என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு அவருடைய பையை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். சோற்று டப்பா, ஸ்வெட்டர், வெற்றிலைப் பொட்டலம், தேத்தண்ணி போத்தல், முதுகுவலி மாத்திரை. அவ்வளவுதான். அத்தோடு நிறுத்தினேனா என்றால் இல்லை.

"இன்னிக்கு இல்லீன்னா நேத்துக் கொண்டுபோயிருப்பே" என்றேன்.

அவர் அழவில்லை. சாமானை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தார்.

"அன்னைக்கு நூலு கட்டுனது யாரு?" என்று கேட்டார்.

"பேச்ச மாத்தாதே."

"நாங்க கப்பல் ஏறி வந்தப்ப மண்டபம் கேம்ப்புல எங்கப்பாவோட பொட்டிய இப்பிடித்தான் கொட்டுனாங்க. அது கவருமெண்டு. நீங்க யாரு?"

போய்விட்டார். கோபம் அடங்காமல் அன்றைக்கே இரண்டு நர்சரி முதலாளிகளுக்குப் போன் போட்டு, அந்த அம்மாவைச் சேர்க்காதீர்கள், கை சுத்தமில்லை என்று சொன்னேன். அவர்கள் சேர்க்கவில்லை. முதுகுவலியோடு அவர் திரும்பவும் கொழுந்துக்குப் போகிறார் என்று மண் கலக்கும் ஆள் சொன்னான். போகட்டும் என்றேன்.

மேடை காலியாகக் கிடந்தது. கவரில் இருந்த பச்சை நூல் விதையை வேறு வேலை இல்லாமல் அக்டோபரில் போட்டேன். இந்த வருஷம் மார்ச்சில் முதல் மொட்டு விரிந்தது. காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்த்தேன். அடுக்கு. பதின்மூன்று இதழ் எண்ணினேன். அடுத்த செடியும் அடுக்கு. நிறம் எனக்குத் தெரியாது, ஆனால் இதழ் எண்ணத் தெரியும். ஒற்றைப் பூவுக்கும் ஒற்றைப் பூவுக்கும் அடுக்குப் பிறக்காது. இவற்றுக்கு அப்பன் அந்த வெளிர் ரோஸ்தான். அப்படியானால் நூல்தான் மாறியிருக்க வேண்டும். நூல் கட்டியது நான்.

உறைபனியன்று போட்டிருந்த கோட்டை ஆணியில் இருந்து எடுத்தேன். இரண்டு கண்டும் பையிலேயே இருந்தன. மனைவியிடம் நீட்டினேன்.

"இதுல செவப்பு எது?"

"ஏனுங்க, காலங்காத்தால வெளையாட்டா?"

"சொல்லு."

அவள் தொட்டுக் காட்டியது நான் பச்சை என்று நினைத்திருந்த பெரிய கண்டை. அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாம் சொன்னேன், புள்ளிப் புத்தகத்தில் இருந்து. அவள் இரண்டு கண்டையும் அதனதன் டப்பாவில் போட்டாள். பிறகு, "நான் சேலை கட்டீட்டு வந்து நிக்கறப்பெல்லாம் கலர் அம்சமா இருக்குதுன்னு சொன்னீங்களே, அது?" என்றாள். நான் கோட்டை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினேன். "அது கெடக்கட்டும். மொதல்ல அந்தக்காகிட்டப் போங்க" என்றாள்.

உடனே போகவில்லை. பதினோரு நாள் போகவில்லை. உரம் வர வேண்டும், பாலித்தீன் கிழிந்திருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. கடைசியில் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திய பிறகுதான் போனேன்.

சோலூருக்கு அப்பால் ஒரு சிறு தோட்டம். மாலையில் இலை எடை போடுகிற இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் மூட்டையோடு நின்றார்கள். தராசுப் பக்கம் ஓர் ஆள். அந்த அம்மா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் நான்காவதாக நின்றார். இளைத்திருந்தார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி வாங்க. ஒரு விசயம் பேசோணும்."

"இங்கனயே பேசுங்க."

"இல்லீங்க்கா, தனியா..."

"என்னைய திருடின்னு தனியாவா சொன்னீங்க?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னேன். விதை எதுவும் திருட்டுப் போகவில்லை, நூலை மாற்றிக் கட்டியது நான், எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது என்று சொன்னேன். ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

"பூக்கட மொதலாளிக்குக் கலரு தெரியாதாம்! பொய் சொல்றாரு."

"அப்ப என் தலத்துண்டு என்ன கலரு? சொல்லுங்க பாப்போம்" என்றாள் இன்னொருத்தி.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. "சொல்லுங்க" என்றார்.

"பச்சை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்தவள் தன் துண்டைக் காட்டினாள். பழுப்பு என்றேன். அதற்கும் சிரிப்பு. தராசு ஆள் தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் காட்டினான். அதற்கும் தப்பாகச் சொன்னேன். ஒவ்வொரு தப்புக்கும் அந்த அம்மா பெயரில் ஒட்டியிருந்த திருட்டுப் பழி கொஞ்சம் உதிர்ந்தது. அது எனக்குப் புரிந்ததால் ஓடாமல் நின்றேன். முகம் எரிந்தது. ஐம்பது வயதில் இப்படி நிற்கிறோமே என்று அவர்கள் மேலேயே ஆத்திரம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"வந்த வருசமே தெரியும். வேலியோரத்து ஸ்ட்ராபெரிய பழுத்ததும் பழுக்காததுமா பறிச்சு வாயில போட்டுட்டு மூஞ்சிய சுளிப்பீங்களே."

"அன்னிக்கு எல்லார்த்து முன்னாடியும் சொல்லியிருக்கலாமே?"

"யாரு கட்டுனதுன்னு கேட்டேன்ல? அதுக்கு மேல என்னத்த சொல்ல? ஒங்க கொறய ஊருக்குச் சொல்றது என் வேலையா?" மூட்டையை ஓரடி முன்னால் நகர்த்தினார். "இந்தச் சனத்துக்குத் தெரிஞ்சிருச்சு. போன்ல சொன்னீங்களே, அவுங்களுக்கு?"

"வீட்டுக்குப் போயிச் சொல்லிடறேனுங்க."

"இப்ப பேசுங்க. எங்களுக்கும் கேக்குற மாதிரி."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். முதல் முதலாளி நான் சொல்லி முடிப்பதற்குள், "கண்ணு தெரியாமயா இத்தன வருசம் எங்ககிட்ட அளந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் எமரால்டு பக்கம் பெரிய நர்சரி வைத்திருக்கிறவர். முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"மொட்டுப் பிளந்து தூள் வைக்குமே, அந்தம்மாதானுங்க?" என்றார்.

"ஆமாங்க."

"உங்க பேச்சக் கேட்டுத்தான் வேண்டாம்னு அனுப்பினேன். அன்னிலிருந்து எனக்கு ஆளே அமையல. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

என் மேடையில் நாற்பது அடுக்குச் செடிகள் ஜூன் மழைக்குக் காத்திருந்தன. எது தேறும், எது தேறாது என்று பார்க்க இந்த மலையில் அந்த அம்மாவை விட்டால் ஆள் இல்லை. திரும்பி வாங்க அக்கா என்று கேட்கத்தான் நான் வந்திருந்தேன். அதைச் சொல்ல வாய் எடுத்தேன்.

அவர் மூட்டையைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு வரணும்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன்.