ஆமிக்காரன் தாளும் மருமகன் மரியாதையும்

டென்மார்க்கில், ஓல்போர்க் பட்டணத்தில் எங்களுக்கு ஒரு உண்டியல்காரன் இருந்தான். குரோனரை இங்கே எங்களிடம் வாங்கிக்கொள்வான். யாழ்ப்பாணத்தில் அவனுடைய தம்பி வீடு வீடாகப் போய்க் காசு கொடுப்பான். ஊரில் இந்திய ஆமி நின்ற காலம் அது. குடும்பத்தைக் கூப்பிட நாங்கள் கொடுத்த விண்ணப்பங்கள் கோபன்ஹேகனில் ஏதோ ஒரு மேசையில் அசையாமல் கிடந்தன. கிடத்தி வைத்தவர்கள் படித்த மனிசர். அவர்களைப் பற்றிக் கதைத்து என் வாயைப் பழுதாக்க நான் விரும்பவில்லை. என் புருஷன் அங்கே. நான் இங்கே ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்துகொண்டு. நான் அனுப்பினால்தான் அவருக்குச் சோறு.

உண்டியல்காரன் மாசம் ஒருக்கால் கோட்டும் கழுத்துப்பட்டியுமாய் வருவான். வீட்டில் எது நல்ல கதிரையோ அதில்தான் இருப்பான். தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்பான். சனம் அவனுக்கு எழும்பி நின்று மரியாதை செய்தது.

ஊரிலிருந்து இங்கே ரண்டர்ஸ் பட்டணத்துக்குப் புதிதாய் வந்த ஒரு பெண்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"உங்கட அவர் நல்லா மெலிஞ்சு போனார் அக்கா. ஒருநேரச் சாப்பாடுதான்."

"ஏன், காசு போகுதே?"

"ஓம், போகுது. ஆமிக்காரன்ர தாளெல்லோ போகுது."

ஆமிக்காரர் கடைகளில் ரேடியோவும் துணியும் இந்தியத் தாளுக்கு வாங்கினார்களாம். கடைக்காரருக்கு அந்தத் தாளை மாற்ற வழியில்லை. தம்பிக்காரன் அதை ஒன்றுக்கு ஒன்றரை இலங்கை ரூபாய் என்று மலிவாய் வாங்கி, எங்கள் வீடுகளில் ஒன்றுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அரிசி வாங்கப் போனால் அதே தாள் திரும்ப ஒன்றரைதான்.

என் புருஷன் ஏன் கேட்கவில்லை? அந்தத் தம்பிக்காரன் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனின் மகளைக் கட்டியவன். மருமகன் முறை. மருமகன் கையால் தருவதை எண்ணிப் பார்க்கிறதும் விலை கேட்கிறதும் எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. பட்டினி கிடந்தாலும் கேட்கமாட்டார். அப்படி ஒரு மரியாதை.

அடுத்த மாசம் உண்டியல்காரன் வந்தான். நான் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தேன்.

"மாமி, இந்த மாசம் எவ்வளவு?"

"தம்பி, இலங்கைக் காசாய்க் குடுக்கிறதெண்டால் தாறன். இல்லாட்டி இல்லை."

"ரேட் நானோ போடுறன் மாமி? அது ஆமி போடுறது."

"ஆமியோ? அப்ப ஆமி வந்து இந்தக் கதிரையில இருக்கட்டும். நீர் எழும்பும்."

அவன் சிரித்தான். "எனக்கு ஒண்டுமில்லை. மாமாதான் அங்கை பாவம்."

அந்தச் சொல்லுக்குத்தான் பயந்தேன். அவன் சொன்னது உண்மை. ஆனாலும் காசை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் போன பிறகு பக்கத்து வீடுகளுக்குப் போய் எல்லாப் பெண்டுகளுக்கும் கணக்கைச் சொன்னேன். அவர்களும் நிறுத்தினார்கள். கழுத்துப்பட்டியோடு அவன் வாசல் வாசலாய் நின்றதைக் கண்ணால் கண்டேன். மாசம் முடியமுதல் இலங்கைக் காசுக்குச் சம்மதித்தான்.

காசு போய்ச் சேர்ந்தது. புருஷனிடமிருந்து கடிதமும் வந்தது. "மருமகனிட்டைக் கணக்குக் கேட்டியாம். நான் றோட்டில தலை நிமிர்த்தி நடக்கிறதோ இல்லையோ?"

எனக்கு எழுத்து அவ்வளவாய் வராது. கோணல் மாணலாய் நானே எழுதினேன்: "நிமிர்த்துறதுக்கு முதல் சாப்பிடுங்கோ. எத்தினை நேரம் சாப்பிடுறியள் எண்டு எழுதுங்கோ. மற்றதெல்லாம் எனக்குத் தேவையில்லை."

அதற்கு வந்த கடிதத்தில் முழுக்கக் கத்தரிக்காய் விலையும் மழையும்தான். அடியில், சின்ன எழுத்தில், இப்போது இரண்டு நேரம் என்று இருந்தது. மூன்று நேரம் என்று எழுத மரியாதை விடவில்லையாக்கும்.