ஈய அறைக்குள் ஒரு சுற்று

எங்கள் சித்தி வீட்டை லேசில் பூட்டமாட்டாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பாள், குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். அதற்குள் பஸ் போயிருக்கும். "உள்ள திருடன் இருந்தா அவனையும் கூட்டிக்கிட்டுத்தான் கிளம்புவா" என்பார் சித்தப்பா. இப்போது அந்தக் கேலி எங்கள் வீட்டில் கிடையாது.

அது வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றில் சித்தி கருவியை இயக்குபவள். சித்தப்பா அங்கேயே குளிரூட்டும் குழாய்களுக்கு மெக்கானிக். அங்கே நடக்கும் சோதனையை ரிக்ஸ் என்பார்கள். காந்தப் படிகம் ஒன்றின்மேல் எக்ஸ்-கதிரை விட்டால், சிதறி வருகிற கதிரில் ஆற்றல் கொஞ்சம் குறைந்திருக்கும். குறைந்தது எவ்வளவு என்று பார்த்தால், படிகத்துக்குள் காந்தம் எப்படி அலையடிக்கிறது என்று தெரியும். ஆனால் வந்து சேரும் கதிர் யானைப் பசிக்குச் சோளப்பொரி. திரையில் ஒரு கோடு தேறுவதற்குள் பொழுது போய்விடும்.

படிகம் இருப்பது ஈயச் சுவர் வைத்த அறையில். கதிரைத் திறக்குமுன் ஒருவர் உள்ளே போய், ஆள் இல்லையென்று சுற்றிப் பார்த்து, பின்சுவர்ப் பொத்தானை அழுத்திவிட்டு வந்து கதவை மூட வேண்டும். பொத்தானுக்கு முன்னால் கருவியின் நீண்ட கை குறுக்கே கிடக்கும். எல்லாரும் அதற்கு மேலாக எட்டி அழுத்திவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். சித்தி மட்டும் கைக்கு அந்தப் பக்கமும் போய் முழுதாகச் சுற்றி வருவாள். அதனால் அங்கே அவளுக்கு 'ஊர்வலம்' என்று பட்டப்பெயர்.

அன்று குளிரூட்டி கசிந்து காலை முழுக்க வீணாகியிருந்தது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவருக்கு ஒதுக்கிய கதிர் நேரம் மாலையோடு முடிகிறது. சித்தப்பா கசிவை அடைத்துவிட்டு வெளியே போனதைச் சித்தி கண்ணாலேயே பார்த்தாள். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை.

"ஊர்வலமெல்லாம் இன்னைக்கு வேணாம்மா. என் மூணு வருஷ உழைப்பு" என்றார் பேராசிரியர். அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை. சித்தியும் எட்டித்தான் பொத்தானை அழுத்தினாள்.

கதவு மூடியது. எச்சரிக்கைச் சங்கு ஊதி ஓய்ந்தது. கதிரைத் திறந்தாள். திரையில் எண்ணிக்கை ஏற வேண்டும், ஏறவில்லை.

"படிகம் நகந்திருக்கும். கொஞ்சம் தள்ளிப் பாரு."

தள்ளிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. படிகத்தின்மேல் கதிர் விழுந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து அளவுமானி அதைக் காட்டியது. அப்படியானால் படிகத்துக்கும், நீண்ட கையின் கோடியில் சிதறிய கதிரைப் பிடிக்கும் ஆடிக்கும் நடுவே எதுவோ மறைக்கிறது.

எண்ணிக்கை சட்டென்று ஏறியது.

"ஆ, வந்துடுச்சு!" என்று பேராசிரியர் கை தட்டினார்.

மறுபடி விழுந்தது. மறைத்துக்கொண்டிருந்தது நகர்கிறது.

சித்தி சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். கதிர் நின்றது. "என்னம்மா பண்ற?" என்று அவர் கத்தியது அவள் காதில் ஏறவேயில்லை. கதவு திறக்கும்வரை அதைக் கையால் தள்ளிக்கொண்டே நின்றாள்.

உள்ளே, கருவிக் கையின் கோடியில், பம்ப் இரைச்சல் கேட்காமலிருக்கக் காதை மூடும் பட்டையை மாட்டிக்கொண்டு, சித்தப்பா குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். அவளைக் கண்டதும் பட்டையைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஒரு நட்டு பாக்கி இருந்துச்சு. முடிஞ்சுது. இனிமே நீ கதிரைத் திறக்கலாம்."