குட்டைக்குள் கிடை

மழை நாளில் எங்கள் காசியம்மாள் அண்ணியைக் கடைக்கு அனுப்பக் கூடாது. தூறல் விழுந்தால் போதும், ஏதாவது ஒரு கூரையடியில் நின்றுகொண்டு, தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் குழம்பு தாளிக்க எண்ணெய் இருக்காது. என் அண்ணன் கோவிந்தராசுவுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இதே கதைதான். நாத்தனாராகப் பிறந்துவிட்டு இதையெல்லாம் நான் குத்திக் காட்டாமல் வேறு யார் காட்டுவது?

கருவேப்பிலங்குறிச்சிக்கு மேற்கே அவர்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். சேத்தியாத்தோப்புப் பக்கம் மாதிரி வாய்க்கால் தண்ணீர் வரும் பூமியில்லை. ஒரு போர் உண்டு. அது வற்றும்போதெல்லாம் ஆழப்படுத்துவதற்காக அண்ணியின் தாலிச் சங்கிலி நகைக்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். வெள்ளாமை வந்ததும் திரும்பும். கழுத்தில் சூடு ஏறுவதற்குள் மறுபடி போய்விடும். "சங்கிலி எங்க அண்ணி?" என்று கேட்டால், "மாமியா வூட்டுக்குப் போயிருக்குது" என்று சிரிப்பாள்.

அடகு வைக்கப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போக வேண்டும். சங்கத்தில் புருஷன் பெயரைக் கேட்பார்கள். அண்ணி என் முகத்தைப் பார்ப்பாள். நான் "கோவிந்தராசு" என்பேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கடைசியாக ஆழப்படுத்தியபோது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. தண்ணீருக்குப் பதில் வெள்ளைத் தூள் பறந்தது. அந்தக் கடனை எப்படியோ அடைத்துச் சங்கிலியை மீட்டதுமே, இன்னும் ஆழம் போகலாம் என்றான் அண்ணன். அன்றைக்குத்தான் அண்ணி முதன்முதலாக மறுத்துப் பேசினாள்.

"போருக்கு வேணாங்க. கெழக்கு மூலையில ஒரு குட்டை வெட்டுவோம். மழை பேஞ்சா மொத்தத் தண்ணியும் அங்கதான் போவுது. நிக்க எடம் இல்லாம ஓடிப்போயிடுது."

"வெளையிற நெலத்துல எவனாச்சும் குழி வெட்டுவானா?"

"சங்கிலி என்னுது. போனா என்னோடது போவட்டும்."

மாசியில் சங்கிலி போயிற்று, குட்டை வந்தது. சித்திரையில் ஒரு கோடை மழை கொட்டி, சாயங்காலத்துக்குள் குட்டை ததும்பி நின்றது. அண்ணி கரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மேகம், பனைமரம், பறந்துபோன கொக்கு எல்லாம் அதற்குள் இருந்தன. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஈர மணல்தான் இருந்தது. அத்தனை தண்ணீரும் பூமிக்குள் இறங்கிவிட்டிருந்தது.

"இந்தக் குழியில தண்ணி நின்னுச்சின்னா எம் பேர மாத்தி வச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போன அண்ணன், அப்புறம் அவளோடு பேசவில்லை. அடுத்த உளுந்தும் காய்ந்தால் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும். அது அவளுக்கு அவள் அம்மா போட்ட ஒரே நகை. ஓட்டைப் பானை என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாத்தனார் என்பதெல்லாம் மறந்து அன்று நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்கிறேன். மண்கூழை அச்சில் ஊற்றும் வேலை. ஒருநாள் பழமலைநாதர் கோயிலுக்கு வந்த அண்ணி அப்படியே என்னைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தாள். பின்பக்கம் நாங்கள் கழுவி ஊற்றும் தண்ணீர் போய்ச் சேரும் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே போய் நின்றவள் நின்றவள்தான். கனவு ஆரம்பித்துவிட்டது என்று நான் என் வேலையைப் பார்த்தேன்.

"பானு, இந்தத் தண்ணி ஏன் கீழ எறங்கல?"

"அடியில கூழு படிஞ்சி அப்பிக்கினு கெடக்குது. எப்பிடி எறங்கும்?"

இதைச் சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. பட்டறையில் வீணாகக் குவிந்து கிடந்த களிமண்ணை முதலாளி சும்மாவே தந்தார். தொல்லை விட்டது என்று அவருக்குச் சந்தோஷம். டிராக்டரில் கொண்டுபோய்க் குட்டையின் அடியிலும் சரிவிலும் பரப்பினோம். ஆனால் பரப்பினால் மட்டும் ஆகுமா? மிதித்து இறுக்க வேண்டும். ஆள் வைக்கக் கையில் காசு இல்லை.

அப்போது ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அறுத்த வயலில் எருவுக்காக ஆடுகளை ராத்தங்க வைப்பார்கள், அதுதான் கிடை. அண்ணி போய்க் குட்டைக்குள் கிடை போடச் சொன்னாள்.

"வயல்ல அடைக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம் தாயி. பள்ளத்துல அடைக்கச் சொன்னது நீங்கதான்" என்றார் ஆட்டுக்காரர். கூலியாக நெல்லுக்கு ஒப்புக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஆடுகள் இறங்கின. முதலில் அடியில் கொஞ்சம். பிறகு மெல்ல மெல்லச் சரிவெல்லாம் ஏறி, கரைவரை நிறைந்தன. புழுதி அடங்கியதும், முதுகுகள் அசைந்து அசைந்து ஓய்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டு வாடை, மணிச் சத்தம், மஞ்சள் வெயில். எனக்கே கண் சொக்கியது.

"பாரு பானு, ரொம்பிடுச்சி" என்றாள் அண்ணி.

கிடை இருந்தவரைக்கும் தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தோம். குளம்புகள் களியையும் புழுக்கையையும் சேர்த்து மிதித்துத் தளம்போல் ஆக்கிவிட்டன. ஐப்பசியில் மழை பிடித்தது. குட்டை நிறைந்தது. மறுநாள் இருந்தது, மறு வாரமும் இருந்தது. அண்ணன் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. வயலுக்குச் சுற்றுவழியில் போய் வந்தான்.

மாசியில் உளுந்து பூவும் பிஞ்சுமாக நின்றபோது மழையில் கொஞ்சம் ஊறியிருந்த போர் இருமிவிட்டு நின்றுபோனது. அன்று அண்ணனே ஆயில் என்ஜினைக் கொண்டுவந்து குட்டைக் கரையில் இறக்கினான். அந்த ஒரு தண்ணீர் போதுமானதாக இருந்தது.

உளுந்து விற்ற பணத்தில் சங்கிலியை மீட்டோம். அங்கே வழக்கம்போல் பெயரை நான்தான் சொன்னேன். அண்ணி சங்கிலியைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வயலுக்கு நடந்தாள்.

கரையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். நாங்கள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது, அதில் கொஞ்சம் வானம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று அண்ணியை எத்தனை வருஷம் திட்டியிருப்பான், இப்போது அவளை மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னா பேரு வைக்கப் போற?" என்றான், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு அவளும் தண்ணீரைப் பார்த்தாள்.

"எதுக்கு மாத்தணும்? கோவிந்தராசுன்னே இருக்கட்டும்."

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். அடுத்த தடவை சங்கத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டாள் என்று தோன்றியது. நான் பாட்டுக்கு வரப்பில் இறங்கி நடந்தேன்.