அண்ணையின்ரை கல்வெட்டிலை விடுபட்ட நாலு மாசம்

அண்ணை செத்து முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேணும். செத்தவரின்ரை படமும் வரலாறும் தேவாரமும் போட்டு, வீட்டுக்கிருத்தியத்துக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம். அதை எழுதிறதுக்கு அப்பா ஒரு இளைப்பாறின வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்.

"தம்பி என்ன செய்தவர்?" எண்டு வாத்தியார் கேட்டார்.

"நெல்லியடியிலை ஹாட்வெயார் கடையிலை நிண்டவன்," எண்டார் அப்பா. அவ்வளவுதான் சொன்னவர்.

நான் பத்தாம் வகுப்போடை படிப்பை விட்டனான். பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை போறேல்லை. அண்டைக்கு வாய் நிக்கேல்லை. "அண்ணை ஒரு இசைக் குறூப்பிலை பேஸ் கிற்றார் வாசிச்சவர்," எண்டு சொல்லிப்போட்டன்.

"எத்தினை வருசம்?"

"நாலு மாசம்."

வாத்தியார் பேனையை மூடினார். "நாலு மாசத்தை வரலாறு எண்டு போடேலாது பிள்ளை."

அண்ணைக்கு அது குறைவாத் தெரியேல்லை. அவரின்ரை போனிலை இங்கிலாந்துப் பெடியள் கொஞ்சப்பேரின்ரை பழைய பாட்டுகள் இருந்தது. புளூஸ் எண்டு சொல்லுவார். ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவினம், செத்தவீட்டு ஒப்பாரி மாதிரி.

"எடியே, உவங்கள் சேர்ந்து இருந்தது கொஞ்சக்காலந்தான். பிரிஞ்ச பிறகு ஒவ்வொருத்தனும் வேறை வேறை குறூப்பிலை போய் உலகம் முழுக்கப் பேர் எடுத்தவங்கள்," எண்டுவார்.

"அப்ப நீங்கள் எப்ப பிரியப்போறியள்?"

"கெதியிலை. பேர் வரோணுமெல்லே."

அப்பிடித்தான் நடந்தது. அண்ணையாக்கள் மூண்டு பேர் சேர்ந்து ஒரு கடை திறப்புவிழாவிலையும் ஒரு கலியாண வீட்டிலையும் வாசிச்சினம். கலியாண வீட்டிலை, நல்ல நாளிலை என்ன அழுகைப்பாட்டு எண்டு பாதியிலை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். பிறகு பாடின பெடியன் சென்னைக்குப் போய் இப்ப படங்களிலை பாடுறான். ட்ரம்ஸ் அடிச்சவன் கனடாவிலை, ரீவியிலையெல்லாம் வாறான். அண்ணை கடையிலை ஆணி நிறுத்துக் குடுத்துக்கொண்டு நிண்டார். அவங்களின்ரை பாட்டு வந்தால் போனைச் சத்தமா வைச்சுக் கடைக்கு வாறவைக்குக் காட்டுவார். பொறாமைப்பட்டு நான் காணேல்லை. ஒருநாள் கடையாலை வீட்டை வரேக்கை எண்ணெய் ஏத்திற பவுசர் லொறி அடிச்சது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது.

கல்வெட்டு அச்சடிச்சு வந்தது. "பண்ணிசையில் பெருநாட்டம் கொண்டு திருமுறைகளை உள்ளமுருகப் பாடியவர்" எண்டு போட்டிருந்தது. வாத்தியாருக்கு இசை எண்டால் தேவாரந்தான். நான் வாய் திறந்ததாலை வந்த வினை. அண்ணை கோயிலிலை வாயே திறக்கமாட்டார், தனக்குச் சுருதி சேராது எண்டு அவருக்கே தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகையாப் போச்சு.

நாளைக்கு ஒருத்தர் இதை எடுத்து வாசிச்சால் அதிலை ஆரோ ஒரு நல்ல பெடியன் இருப்பான். என்ரை அண்ணை இருக்கமாட்டார்.

பின்னேரம் புத்தகக் கட்டை அவிழ்த்துப்போட்டு, பேனை எடுத்து ஒவ்வொண்டிலையும் அந்த வரிக்குக் கீழை எழுதத் தொடங்கினன். 'இவர் நாலு மாசம் ஒரு குறூப்பிலை பேஸ் கிற்றார் வாசிச்சவர். பாடத் தெரியாது.' என்ரை எழுத்து வடிவில்லை. வரிகள் மேலையும் கீழையும் ஓடுது.

அப்பா வந்து ஒண்டைத் தூக்கி வாசிச்சார். ஏசப்போறார் எண்டு நினைச்சன்.

"பாடத் தெரியாது எண்டு என்னத்துக்கு எழுதினனீ?"

"தெரியாதுதானே அப்பா."

அப்பா கீழை குந்தி, மிச்சக் கட்டைத் தன்ரை பக்கம் இழுத்தார்.

"இன்னொரு பேனை கிடக்கே?"

குடுத்தன். என்ரையைப் பாத்துப் பாத்து எழுதினார். முதல் வரியை மட்டுந்தான் எழுதினவர், மற்றதை விட்டிட்டார். நான் ரண்டு வரியையும் எழுதிக்கொண்டு போனன். அரைவாசிப் புத்தகத்திலை அண்ணைக்குப் பாட வராது. மற்றதுகளிலை வரும்.