தலைகீழாக விழுந்த முத்திரை

ஜப்பானின் தோயாமாவில், உருகிய பிளாஸ்டிக்கைப் படலமாக இழுக்கும் அச்சு வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நுகாகா கியோமி. அவர் மேஜையிலிருந்து கேட்காமலே யாரும் எடுத்துக்கொள்ளும் பொருள் இரண்டு: உப்பில் ஊறிய பிளம் டப்பா, அவர் செய்த வேலை.

இந்த முறை மிசோ என்னும் சோயா விழுது அடைக்கும் பைக்கான படலம். வெளியே நைலான், உள்ளே பாலிதீன், நடுவில் காற்றைத் தடுக்கும் அடுக்கு. மூன்றும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள். இடையிடையே பசை அடுக்கு வைத்தால்தான் சேர்ந்திருக்கும். ஆக ஐந்து. அச்சுக்குள் அவை ஓடிவரும் பாதை, திரையில் முப்பத்தேழு துண்டாகக் கிடந்தது. எந்தத் துண்டு எந்த அடுக்கு என்று பிரித்துக் கொடுத்தால்தான் எது எப்படி ஓடும் என்று மென்பொருள் கணக்குப் போடும். கியோமி இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தார்.

பிரிவுத் தலைவர் ஷிகாதா பின்னால் வந்து நின்றார்.

“என்ன நுகாகா-சான், பட்டியல் இவ்ளோ நீளம்? பசை முடி கனம்கூட இல்ல, அதுக்கெல்லாம் தனி அடுக்கா? பக்கத்துல இருக்கறதோட சேத்துடுங்க. மூணுன்னா பாக்க லட்சணமா இருக்கும்.”

“சேத்தா பசையையும் நைலான்னு நெனச்சுக் கணக்குப் போட்டுடும், தலைவரே. ஓரம் வரைக்கும் பசை போகுதான்னே தெரியாது.”

“நைலான் போனா அதுவும் கூடவே போயிட்டுப் போகுது. அம்மா முந்தானைய விடாத பிள்ள மாதிரி.”

சொன்னதோடு நில்லாமல் மவுஸை வாங்கி அவரே துண்டுகளை இழுத்துப் போட்டார். கணக்கு முடிந்தது, எல்லாம் பச்சை. பச்சை வராமல் என்ன செய்யும்? கேட்காத கேள்விக்கு எந்த மென்பொருள் சிவப்புக் காட்டும்?

அடுத்து அனுமதித் தாள். கையெழுத்துக்குப் பதில் ஆறு கட்டம், ஆறு பேரின் பெயர் முத்திரை. சின்னவர் தன் முத்திரையைப் பெரியவர் கட்டத்தின் பக்கம் லேசாகச் சாய்த்துக் குத்த வேண்டும், குனிந்து வணங்குகிற மாதிரி. சம்மதமில்லாதவர் தலைகீழாகக் குத்துவார் என்றும் ஒரு பேச்சு உண்டு. இங்கே யாரும் குத்தியதில்லை. கியோமி குத்தினார். ஒருவரும் கவனிக்கவில்லை.

அச்சு வெட்டி, படலம் இழுத்து, மிசோ நிரப்பிய முதல் பையை விரலால் அழுத்தியதும் ஓரம் உதடு பிரிந்த மாதிரி திறந்துகொண்டது.

விசாரணையில் ஆலை மேலாளர் இசோகாய் தாளைக் கையில் எடுத்தார்.

“தலைகீழா இருக்கே, யாரோடது?”

“என்னோடது.”

“கவனக்குறைவா?”

“இல்லங்க. எனக்கு இதுல சம்மதமில்ல.”

“அத வாயத் திறந்து சொல்லிருக்கலாமே?”

“சொன்னேன்.”

ஷிகாதா தன் தேநீர்க் கோப்பையின் அடியைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்தது. பிரிந்த பைக்கு எல்லோரும் பொறுப்பு. அதாவது யாரும் இல்லை. தலைகீழ் முத்திரைக்கு மட்டும் கியோமிக்கு ஒரு மதியம் ஒழுங்குப் பயிற்சி. பதினைந்து டிகிரி சாய்வு பழக, கோணமானி வைத்து நாற்பது முறை குத்த வைத்தார்கள். முத்திரையின் பணிவை அளக்கக் கோணமானி உண்டு அந்தக் கம்பெனியில். பசையை அளக்கத்தான் நேரமில்லை.

திரும்பி வந்து முப்பத்தேழு துண்டையும் மறுபடி ஐந்து அடுக்காகப் பிரித்தார். ஓரம் சிவந்தது. பசை வரும் பாதையை அகலப்படுத்தினார், சிவப்பு போயிற்று. புதுத் தாளில் முத்திரையை நேராகக் குத்தினார். ஒரு டிகிரி சாய்வில்லை.

“பயிற்சிக்குப் போயிட்டு வந்துமா? கொஞ்சம் சாஞ்சா என்ன, நுகாகா-சான்?” என்றார் ஷிகாதா.

“ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிறது பசையோட வேலை, தலைவரே. அதுக்குத் தனி அடுக்கு போட்டாச்சு.”

ஷிகாதா பட்டியலில் விரல் வைத்து ஐந்துவரை எண்ணினார். பிறகு தன் முத்திரையை எடுத்து, இசோகாயின் கட்டம் பக்கம் நன்றாகச் சாய்த்துக் குத்தினார்.