வீட்டுல கேக்குது

மர அறுவை மில்லில் அவருக்குப் பேர் ரம்பம். பெரிய ரம்பத்துக்குக் கட்டை தள்ளுகிறதால் வந்த பேர்தான், மற்றபடி வாயைத் திறந்து யாரையும் அறுத்த ஆள் இல்லை. அந்தக் கிறீச்சிலேயே வருஷக்கணக்காய் நின்று காது பாதி போய்விட்டது. காது மந்தமானவன் எதுக்குப் பேச்சில் தலையைக் கொடுப்பான்?

ஒரே மகள். கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போன் வந்தால் இவரும் வாங்கிக் காதில் அழுத்துவார். தண்ணிக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். "சாப்பிட்டியாம்மா?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சாப்பிட்டியா?"

"அதைத்தான் அவ இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கா," என்று மனைவி போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

மகளுக்குச் சின்னதிலிருந்தே ஒரு பழக்கம். எதைச் சொல்வதற்கும் முன்னால் 'க்கும்' என்று தொண்டையைச் செருமுவாள். "ஹாரன் அடிச்சிட்டா, இனி வண்டி வரும்," என்று இவர் கேலி பண்ணுவார். வீட்டில் அந்த ஹாரன் சத்தம் நின்று ரொம்ப நாள் ஆகிறது.

போன மாசம் அவள் ஒரு சிடி அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு கூட்டமாய்ச் சேர்ந்து பாடினது. "நான் கடைசி வரிசைல நிக்கிறேன். என் குரல் எதுன்னு அப்பாவைக் கண்டுபிடிக்கச் சொல்லு," என்றாளாம் அம்மாவிடம்.

வீட்டில் சிடி பிளேயர் இருந்தது, ஸ்பீக்கரும் இருந்தது. மூடின தியேட்டரிலிருந்து வாங்கிவந்து போட்ட ரெண்டு பூதம். மனைவி அதன் மேல் துண்டு காயப்போடுவாள். ஆனால் ஆம்ப்ளிஃபையர் கருகிப்போய்க் கிடந்தது. ரேடியோ கடைக்குப் போனார்.

"இருக்கறதுலயே பெருசு எடுங்க."

"அண்ணே, உங்க ஸ்பீக்கருக்கு இந்தச் சின்னதே தாராளம். தியேட்டர் ஸ்பீக்கர், ஊதினாலே பாடும்."

"முடிச்சு விழுந்த கட்டைன்னா பெரிய மோட்டார்தான் அறுக்கும் தம்பி. சின்னது திணறி நின்னுடும்."

"இது பாட்டுண்ணே, கட்டை இல்ல." கடைக்காரன் சிரித்துவிட்டான். "சரி, ரெண்டையும் கொண்டுபோங்க. கேட்டுப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலில் பெரியதை மாட்டினார். தூக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே ஸ்பீக்கர் 'உஸ்ஸ்' என்று குக்கர் மாதிரி இரைந்தது. சத்தம் கூட்டுகிற திருகை ஒரு மயிரிழை நகர்த்தினதும் வீடே அதிர்ந்தது. கூட்டம் மொத்தமும் மில் போல அலறியது. அதில் மகள் எங்கே?

"ஏங்க, காது கிழியுது!" மனைவி ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். "பக்கத்து வீட்டுக்காரர் சுவத்தைத் தட்டறாரு!"

"அவ குரலைக் கேக்க வேணாமா?"

"எல்லாரும் சேந்து கத்தினா அவ குரல் எப்படிங்க தனியாக் கேக்கும்?"

வேண்டா வெறுப்பாய்ச் சின்னதை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். ஒன்றுமில்லை, அந்த இரைச்சல்கூட இல்லை. "செத்துக் கிடக்குது," என்று முனகிக்கொண்டே சிடியை முதலிலிருந்து ஓடவிட்டார்.

மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"க்கும்னு கேட்டுச்சுங்க! பாட்டுக்கு முன்னாடி! பின்னாலிருந்து... அவதாங்க!"

"எங்க?"

மறுபடி போட்டார்கள். ஸ்பீக்கர் மேல் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, காதை அதன் வலையோடு ஒட்டவைத்துக்கொண்டார். "இப்போ," என்று அவள் விரலைத் தூக்கினாள். அவருக்கு ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை. "இப்போ." ம்ஹூம். திருகைக் கூட்டிப் பார்த்தார். அவருக்குக் கேட்டதெல்லாம் அதற்கப்புறம் வந்த பாட்டுதான்.

பெரியதை மறுபடி மாட்டி, திருகைக் குறைத்து ஓடவிட்டார். இப்போது மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "அந்த உஸ்ஸுல முங்கிப்போச்சுங்க."

சாயங்காலம் பெரியதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"என்னண்ணே, சின்னதே போதுமா? பொண்ணு குரல் கேட்டுச்சா?"

ரம்பம் பெட்டியை மேஜைமேல் வைத்து இடுப்பை நிமிர்த்தினார்.

"வீட்டுல கேக்குது," என்றார்.

கடைக்காரன் அதை எப்படி எடுத்துக்கொண்டானோ, சந்தோஷமாய்த் தலையாட்டினான். இவர் வீட்டுக்கு நடந்தார். தினம் மில்லிலிருந்து வந்ததும் மரத்தூளைத் தட்டிவிட்டு, சிடியை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, மனைவிக்கு நேராக உட்கார்ந்துகொள்கிறார். அந்த விரல் எப்போது எழும்பும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.